வீட்டிலேயே ஒரு பாட்டு அறை!
வளையலை அடகு வைக்கும் முன், சுவரைக் கவனியுங்கள்

காரைக்கால் பகுதியில் உள்ள தலத்தெரு. விடியற்காலை 4 மணி.

தெரு அடங்கிக் கிடக்கிறது. தென்னை மட்டைகள் மட்டும் காற்றில் உரசுகின்றன.

ஒரு வீட்டில் ஒரு பெண் பாடிப் பழகிக்கொண்டு இருக்கிறாள். நல்ல குரல். அவள் தம்பி கீபோர்டு வாசிப்பான். பாட்டைப் பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்பவேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

செல்போனில் பதிவு செய்து பார்த்தார்கள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது! நடுவில் காகம் கத்தியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடியது. பஸ் ஒன்று "பாம், பாம்" என்று போனது. எல்லாம் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிட்டது.

"நல்ல மைக் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும், அம்மா" என்றான் பையன்.

அம்மா தன் கையில் கிடந்த வளையலைப் பார்த்தாள்.

"வாங்கலாம்டா. வாங்கி அதை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்டார் அப்பா.

இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலத்தெருவில்தான் என்று இல்லை. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய குடும்பம்தான்.

பையன் மைக்கைப் பற்றிக் கவலைப்படுகிறான். அம்மா பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அப்பா கேட்டாரே, அதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி!

அறை இருந்தது, கருவி இல்லை!

சென்னை கோடம்பாக்கத்தில் இதே போன்ற ஒரு நிலை ஒரு வீட்டில் ஏற்பட்டது.

அந்த வீட்டுப் பையனின் தந்தை ஆர்.கே. சேகர். மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். அவர் 1976-ம் ஆண்டு காலமானார். அப்போது மகனுக்கு வயது 9. கணவர் விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார், தாயார்.

பையன் வளர்ந்தான். பல இசை அமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தான். விளம்பரப் பாட்டுகளுக்கு இசை அமைத்தான். 1989-ல் தன் வீட்டை ஒட்டியே ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையை அமைத்தான்.

அறை தயார் ஆயிற்று. ஆனால் அறைக்குள் வைக்கக் கருவி இல்லை. வாங்கப் பணமும் இல்லை! வெறும் அறையில் அவன் உட்கார்ந்து இருந்தான்.

தாயார் தன் நகைகளைக் கொடுத்தார். அதை அடகு வைத்து முதல் ஒலிப்பதிவுக் கருவி வாங்கப்பட்டது. தன் எதிர்காலம் அந்தக் கணத்தில் கண்ணுக்குத் தெரிந்தது என்று பிற்காலத்தில் அவர் பேட்டிகளில் சொல்லி இருக்கிறார்.

அந்தப் பையன்தான் ஏ.ஆர். ரகுமான். தாயார் பெயர் கரீமா பேகம். அறையின் பெயர் "பஞ்சதன் ரிக்கார்டு இன்."

மணிரத்னம் டைரக்ட் செய்த "ரோஜா" படப் பாட்டுகள் அங்கே உருவாயின. படம் 1992-ல் வெளிவந்தது. ரகுமானுக்கு அந்த முதல் தமிழ்ப் படத்திலேயே தேசிய விருது கிடைத்தது. 2009-ல் அமெரிக்காவில் ஒரே இரவில் இரண்டு ஆஸ்கார் பரிசுகளை வாங்கினார். கரீமா பேகம் அதை எல்லாம் பார்த்துவிட்டு, 2020 டிசம்பரில் காலமானார்.

நகையை அடகு வைத்த கதையை எல்லோரும் சொல்லுகிறார்கள். அதற்கு முன்பே அறை கட்டி முடிந்திருந்தது என்பதைப் பலரும் கவனிப்பது இல்லை!

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் பெரி கார்டி என்பவரும் வீட்டில்தான் தொடங்கினார். 1959-ல் குடும்பத்துச் சேமிப்பில் இருந்து 800 டாலர் கடன் வாங்கினார். ஒரு வீட்டைப் பிடித்து, மாடியில் குடியிருந்துகொண்டு, கீழே பாட்டுகளைப் பதிவு செய்தார். "மோட்டவுன்" என்ற உலகப் புகழ் பெற்ற இசைத்தட்டுக் கம்பெனி அந்த வீட்டில்தான் வளர்ந்தது. பாட்டுக்குக் கொஞ்சம் எதிரொலி வேண்டும் என்றால் என்ன செய்தார்கள், தெரியுமா? கூரைக்கு அடியில் இருந்த மச்சு அறைக்குப் பாட்டை அனுப்பி, அங்கே எழும் எதிரொலியைத் திரும்பப் பதிவு செய்துகொண்டார்கள்!

அந்த வீடு இன்று ஒரு காட்சிசாலை.

மெத்தை சுமந்த பேராசிரியர்

அறைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் ஓர் அமெரிக்கர். பெயர் வாலஸ் சாபைன்.

1895-ம் ஆண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு சொற்பொழிவு மண்டபம் கட்டி இருந்தார்கள். அழகான மண்டபம்தான். ஆனால் பேசுவது ஒன்றும் புரியவில்லை! ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்து விநாடிக்கும் மேல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருந்தது. முதல் சொல் அடங்குவதற்குள் பத்துச் சொற்கள் வந்து மேலே விழுந்தன.

"இதைச் சரிப்படுத்துங்கள்" என்று இளம் பேராசிரியரான சாபைனிடம் சொன்னார்கள்.

அவர் பகலில் வேலை செய்யவில்லை. தெருச் சத்தம் இருக்குமே! இரவில் வேலை செய்தார். பக்கத்தில் இருந்த நாடக அரங்கில் நாற்காலிகளுக்குப் போட்டிருந்த மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்தார். சில மெத்தைகளைப் பரப்புவார். குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார். இன்னும் சில மெத்தைகளைப் பரப்புவார். மறுபடியும் அளப்பார். விடிவதற்குள் எல்லா மெத்தைகளையும் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்!

மெத்தை ஏற ஏற, சத்தம் சீக்கிரம் அடங்கியது. அறை பெரிதானால் சத்தம் நீண்ட நேரம் நிற்கும். மெத்தென்ற பொருள் அதிகமானால் சீக்கிரம் அடங்கும். இதுதான் அவர் கண்ட கணக்கு. 1900-ல் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்ட சங்கீத மண்டபம் இந்தக் கணக்கை வைத்தே கட்டப்பட்டது.

சத்தம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். பத்தடி அகலம் உள்ள அறையில் அது ஒரு விநாடிக்குள் 100 தடவைக்கு மேல் சுவருக்குச் சுவர் பாய்ந்துவிடும். தலத்தெருப் பெண்ணின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்டது அதனால்தான். செல்போன் மேல் குற்றம் இல்லை. வெள்ளை அடித்த வெறும் சுவரும், வழவழப்பான தரையும், மேலே கான்கிரீட்டும் செய்த வேலை!

இரண்டு நோய், இரண்டு மருந்து

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

வெளியே உள்ள சத்தம் உள்ளே வருவது ஒரு நோய். உள்ளே பாடும் சத்தம் சுவரில் மோதிக் குழம்புவது வேறொரு நோய். இரண்டுக்கும் மருந்து ஒன்று அல்ல.

வெளிச் சத்தத்தைத் தடுக்க வேண்டுமானால் கனம் வேண்டும்; இடுக்கு இல்லாமல் அடைக்கவேண்டும். உள் எதிரொலியை அடக்க வேண்டுமானால் பஞ்சு போல மெத்தென்று இருக்கவேண்டும்.

சுவர் முழுவதும் முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிலர் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். சுத்த வீண்! முட்டை அட்டைக்குக் கனம் ஏது? பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் அதைத் துளைத்துக்கொண்டு வரும். அதைவிட மோசம், மின்சாரக் கம்பியில் ஒரு பொறி பறந்தால் இரண்டும் பற்றிக்கொள்ளும். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் உட்காரும் அறையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

எந்த அறை?

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

வீட்டில் உள்ள ஒவ்வோர் அறையிலும் பேசாமல் உட்காருங்கள். விடியற்காலை, நடுப்பகல், இரவு என்று மூன்று வேளையும் உட்காருங்கள். என்ன சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் இருந்து கேட்கிறது என்று எழுதுங்கள். கோவில் மணி, ஒலிபெருக்கி, மிக்ஸி, மோட்டார், பஸ், குழந்தை அழுகை எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

தெருப் பக்கத்து அறை பெரும்பாலும் தேறாது. மொட்டை மாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறை கூடவே கூடாது. காரைக்கால் கடலோர ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். தகரத்தில் மழை விழுந்தால் பாட்டு எங்கே கேட்கும்? சித்திரை வெயிலில் அந்த அறையில் உட்காரவும் முடியாது.

பழைய வீடாக இருந்தால் உள்ளே தள்ளி ஓர் அறை இருக்கும். முன்பு நெல் கொட்டி வைத்த அறை. கனமான சுவர், சின்ன ஜன்னல். பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான அறை கிடைப்பது அரிது! (எலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எலி கம்பியைக் கடிக்கும்.)

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். அறை சதுரமாக இருக்கக்கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் அதுதான் எல்லாவற்றிலும் கெட்ட அறை.

ஏன்? பத்தடி இடைவெளி உள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே, விநாடிக்குச் சுமார் 56 தடவை அதிரும் கனத்த ஒலி மாட்டிக்கொண்டு உப்பும். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் அதே ஒலி மூன்று பக்கமும் சேர்ந்து உப்பும். தபேலாவின் "தும்" என்ற சத்தம் ஒரு மூலையில் இடி போலவும், நடு அறையில் ஒன்றுமே இல்லாதது போலவும் கேட்கும். உயரம் 9 அடி, அகலம் 10½ அடி, நீளம் 13 அடி என்பது போல மூன்றும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

இருக்கிற அறையே சதுரம் என்றால்? இடிக்கவேண்டாம். ஒரு சுவர் முழுவதும் புத்தக அலமாரி வைத்துவிடுங்கள்.

கதவுதான் திருடன்!

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நன்றாகத் தடுக்கும். நாலரை அங்குலச் சுவர் அவ்வளவு தடுக்காது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் சத்தம் சுவர் வழியாக வருவது இல்லை. கதவுக்குக் கீழே உள்ள அரை அங்குல இடுக்கு வழியாகத்தான் வருகிறது!

தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே தண்ணீர் கசியுமோ அங்கே சத்தமும் கசியும். உள்ளே பொள்ளலாக உள்ள கதவு உதவாது. கனமான மரக் கதவு வேண்டும். சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, கீழே இடுக்கை அடைக்கவேண்டும். ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி போதாது. நடுவில் நாலு விரற்கடை இடைவெளி விட்டு, இரண்டாவது கண்ணாடி போடவேண்டும். மின்சாரக் குழாய் போகும் ஓட்டையையும் மறக்காமல் பூசிவிடுங்கள்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு விடுவது எப்படி? மூடிய அறையில் மூன்று பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை வலிக்கும். ஏ.சி. அறையைக் குளிர வைக்குமே தவிர, பெரும்பாலும் வெளிக்காற்றைக் கொண்டு வராது. ஆகவே ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து விடுங்கள். பதிவு செய்யும்போது விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிடவேண்டும். வியர்க்கும். ஒரு பாட்டு ஐந்து நிமிஷம்தானே!

அடைத்து வைப்பது அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது. ரகுமான் இரவில்தான் அதிகமாக வேலை செய்வார் என்பது சினிமா உலகம் அறிந்த செய்தி. தலத்தெருவிலும் இரவும் விடியற்காலையும்தான் அமைதியான நேரம். ஆனால் அதே நேரத்தில்தான் அடுத்த வீட்டில் தூங்குகிறார்கள்.

இலவம் பஞ்சும் ஜமக்காளமும்

இனி அறைக்கு உள்ளே.

நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். "டங்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால் எதிரொலி இருக்கிறது என்று அர்த்தம். தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். பாடுகிறவருக்குப் பின்னால் இலவம் பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்தி வையுங்கள். மறுபடியும் தட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். சாபைன் செய்த சோதனையே இதுதான்!

கோரைப்பாயும் மெல்லிய திரையும் கீச்சென்ற சத்தத்தை மட்டுமே குடிக்கும். கனத்த சத்தத்தைக் குடிக்கத் தடிமன் வேண்டும். இரண்டடி அகலம், நாலடி உயரத்தில் மரச் சட்டம் செய்து, அதில் நாலு அங்குலத் தடிமனுக்கு "ராக் வூல்" அடைத்து, துணியால் நன்றாக மூடவேண்டும். இது கல்லை உருக்கி இழுத்த நார். தீப்பிடிக்காது. ஆனால் உடம்பில் பட்டால் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்யவேண்டும். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் சில அங்குலம் தள்ளி வைத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். கனத்த சத்தம் மூலைகளில்தான் சேரும். முதல் இரண்டு சட்டங்களை மூலைகளில் வையுங்கள்.

மற்றவற்றை எங்கே வைப்பது? அதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. பையன் தன் இடத்தில் உட்காரட்டும். அக்காள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் வைத்து நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் சத்தம் மோதித் திரும்புகிறது. அந்த இடத்தில் ஒரு சட்டத்தை மாட்டிவிடுங்கள்.

சுவர் முழுவதும் மூடிவிடக்கூடாது. முழுக்க மூடிய அறையில் பாடினால் குரல் காதுக்குத் திரும்பி வராது. பாடுகிறவர் தன்னை அறியாமல் கத்துவார்; சீக்கிரம் களைத்துப் போவார். கொஞ்சம் வெறும் சுவர் இருக்கட்டும்.

நாதஸ்வரமும் தவிலும் இந்த அறைக்குள் அடங்காது. அவை ராஜ வீதிக்கும் கோவில் பிராகாரத்துக்கும் ஏற்பட்ட வாத்தியங்கள். பத்தடி அறையில் வாசித்தால் காது வலிக்கும். அவற்றை அதிகாலையில் திறந்த முற்றத்திலோ பெரிய மண்டபத்திலோ பதிவு செய்வது நல்லது. வீணைக்கும், புல்லாங்குழலுக்கும், வாய்ப்பாட்டுக்கும் இந்த அறை பொன்னான அறை.

உப்புக் காற்று

கடலோரத்தில் இன்னொரு பகைவன் உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்று! கதவுக் கீலையே அரிக்கும் காற்று, கருவியை விட்டுவிடுமா?

மைக்கை வேலை முடிந்ததும் மூடி உள்ள பெட்டியில் வைக்கவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் "சிலிக்கா ஜெல்" பொட்டலத்தை உள்ளே போடுங்கள். பஞ்சு மெத்தைகளை மாதம் ஒரு முறை வெயிலில் காயவைக்கவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து, பாடுகிறவருக்கு இருமல் வரும். சுவரில் ஈரம் கசிந்தால், அதைச் சரிசெய்த பிறகே சட்டத்தை மாட்டவேண்டும்.

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்கிறதா? அது வீட்டு மின்சாரம். விநாடிக்கு 50 தடவை மாறும் மின்சாரம் பாட்டுக்குள் புகுந்துவிட்டது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்தில் இருந்து மின்சாரம் எடுத்து, எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்துவிடவேண்டும்.

எந்த மைக்?

இவ்வளவும் ஆன பிறகு மைக்குக்கு வரலாம்.

"கண்டன்சர்" மைக் மிக நுட்பமானது. மூச்சு விடுவதையும் பிடிக்கும். தெருவில் கத்தும் காகத்தையும் பிடிக்கும்! ஈரத்துக்கும் பயப்படும். "டைனமிக்" மைக் முரட்டு ஆள். மேடையில் பாடகர்கள் கையில் பிடித்துப் பாடுவது பெரும்பாலும் இதுதான். வாய்க்குப் பக்கத்தில் உள்ள குரலை எடுத்துக்கொண்டு, தூரத்துச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். அறை இன்னும் முழுதாக அமையாதவர்கள் இதில் தொடங்கலாம்.

காரைக்கால் பாட்டுக்குப் புதிய ஊர் அல்ல. காரைக்கால் அம்மையார் பிறந்த மண். அவர் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்களுக்கும் பண் உண்டு. ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம். இன்று காரைக்காலில் வானொலி நிலையமும் இருக்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தால் வீதியெங்கும் ஒலிபெருக்கிதான். அந்த நாட்களில் எத்தனை கதவு போட்டாலும் பதிவு செய்ய முடியாது. போய் மாம்பழம் பிடிக்கலாம்!

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம்.

பின்கட்டில் இருந்த நெல் அறையை ஒழித்தார்கள். கதவு இடுக்கை அடைத்தார்கள். பரணில் கிடந்த இரண்டு இலவம் பஞ்சு மெத்தைகளை வெயிலில் போட்டு எடுத்து, மூலைக்கு ஒன்றாக நிறுத்தினார்கள். ஜமக்காளத்தை விரித்தார்கள். காலை 4 மணிக்கு அதே செல்போனில், அதே பாட்டை, அதே பெண் பாடினாள்.

அம்மா கேட்டுப் பார்த்தாள். கிணறு போய்விட்டது. குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. எங்கோ தூரத்தில் காகம் ஒன்று கத்தியது.

"இன்னும் அந்த ஜன்னல் பாக்கி இருக்கிறதே!" என்றார் அப்பா.

வளையல் அம்மாவின் கையிலேயே இருந்தது. பையன் கண்ணாடிக் கடைக்கு அளவு எடுத்துக்கொண்டு இருந்தான்.